ஒயின் பீப்பாயில் முடித்த சிங்கிள் மால்ட்: பார்லி மிஞ்சுகிறதா?

குடமுருட்டிக்கரை (திருவையாறு), சனி இரவு 8.40

ஒயின் பீப்பாயில் முடித்த சிங்கிள் மால்ட் விஸ்கி என்றால் நம்மில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். "இனிப்பு ஏற்றிய சரக்கு", "பீப்பாயை வைத்து ஒப்பேற்றுகிறார்கள்" என்று இந்த மன்றத்தின் மற்ற இழைகளில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இந்த வகை ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் விஷயம். ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செம்புக் கொப்பரையில் வடித்தது சிங்கிள் மால்ட். ஸ்காட்லாந்தில் அதை ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்தாக வேண்டும். பெயர் பெற்ற வடிசாலைகள் 10, 12 ஆண்டு வைக்கின்றன. பெரும்பாலும் அமெரிக்காவில் போர்பன் (மக்காச்சோளம் தூக்கலான அமெரிக்க விஸ்கி) வைத்திருந்த பழைய பீப்பாய். அதில் வளர்ந்த விஸ்கியைக் கடைசிக் கட்டத்தில் எடுத்து, ஒயின் இருந்த வேறொரு பீப்பாய்க்கு மாற்றி, சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ வைப்பதைத்தான் பினிஷ் என்கிறார்கள். பால்வெனி வடிசாலை 1980களில் இதில் இறங்கியது. ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) பீப்பாயில் முடித்த டபுள்வுட் 1993இல் வந்தது. க்ளென்மோரஞ்சி 90களில் போர்ட் (போர்ச்சுகலின் இனிப்பு ஒயின்) பீப்பாயைக் கையில் எடுத்தது. வேல்ஸ் நாட்டின் பெண்டெரின் 2004இல் முதல் பாட்டிலை விற்றபோதே மதீரா (மதீரா தீவு ஒயின்) பீப்பாயில் முடித்துத்தான் விற்றது. இப்போது நம் நாட்டு வடிசாலைகளும் செய்கின்றன.

என் முன்னால் இப்போது இருப்பது ராம்பூர் ஆசவா. உத்தரப் பிரதேசத்துச் சரக்கு. போர்பன் பீப்பாயில் வளர்ந்து, இந்தியாவிலேயே செய்த கேபர்னே சாவின்யோன் ஒயின் இருந்த பீப்பாயில் முடிந்தது. 45 சதவீத ஆல்கஹால். ஊற்றியவுடன் மூக்கில் ஏறுவது நாவல்பழமும் கொஞ்சம் ஏலக்காயும். இந்த இடத்தில் பலர் "சரி, இது பழச்சாறு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிளாஸை அப்படியே கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். பழம் கொஞ்சம் பின்வாங்கும். அதன் அடியிலிருந்து வறுத்த தானிய வாசனை எழும்பி வரும். அதுதான் பார்லி. விழுங்கிய பிறகு நாக்கின் இரண்டு ஓரங்களிலும் ஒரு துவர்ப்பு பிடித்து நிற்கும். அது சிவப்பு ஒயின் பீப்பாய் விட்டுச் சென்றது. பழம், தானியம், துவர்ப்பு மூன்றும் ஒன்றை ஒன்று அடிக்காமல் வரிசையாக வருவதுதான் எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

என் அளவுகோல் இதுதான்: ஒயின் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை, கடைசி வாயில் பார்லி மிஞ்சுகிறதா என்று பார்க்கிறேன். மிஞ்சினால் நல்ல பினிஷ். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

வெண்ணாறு (மன்னார்குடி), சனி இரவு 9.15

அண்ணே, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை.

பீப்பாய் ஒன்றை இரண்டு மூன்று தடவை நிரப்பிவிட்டால் மரத்தில் சத்து தீர்ந்துவிடும். அப்படிச் செத்த பீப்பாயில் பத்து வருஷம் கிடந்த விஸ்கிக்குத் தனியாக ருசி ஒன்றும் இருக்காது. அதைத் தூக்கி ஆறு மாதம் போர்ட் பீப்பாயில் போட்டால் நிறம் வந்துவிடும், வாசனை வந்துவிடும், விலையும் ஏறிவிடும். வடிசாலைக்காரன் பார்வையில் இது கைகொடுக்கிற வழி. குடிக்கிறவன் பார்வையில்? நான் காசு கொடுப்பது பார்லிக்கும் அதை வடித்தவன் கைப்பக்குவத்துக்கும். போர்ட் வேண்டுமென்றால் போர்ட்டே வாங்கிக் குடித்துவிடுவேனே.

நல்ல போர்பன் பீப்பாயில் முழுக்க வளர்ந்த சரக்கில் ஒளிக்க இடமே கிடையாது. வடித்தது நன்றாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். அதனால் என் ஓட்டு அதற்குத்தான்.

குடமுருட்டிக்கரை, சனி இரவு 9.31

தம்பி, செத்த பீப்பாய் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. மோசமான சரக்கைத் தேற்றுவதற்கும் பினிஷ் பயன்படுகிறது. ஆனால் நல்ல சரக்கை எடுத்து மேலும் ஒரு படி கொண்டுபோகவும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அரான் தீவுக்காரர்கள் அமரோனே (இத்தாலியச் சிவப்பு ஒயின்) பீப்பாயில் முடித்ததை 50 சதவீதத்தில் பாட்டில் செய்கிறார்கள். அந்த வலுவில் கொடுத்தால் அடியில் இருக்கும் குறை எதுவும் மறையாது. தைரியம் இல்லாதவன் அப்படிக் கொடுக்க மாட்டான்.

கெமிஸ்ட்ரி டீச்சர் (கும்பகோணம்), சனி இரவு 10.05

மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளில் மீன் சட்டியைத் தனியாக வைப்பார்கள், அதில் ரசம் வைக்க விட மாட்டார்கள். மண் குழம்பைக் குடித்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓக் மரமும் அப்படித்தான், காலி செய்த பிறகும் பல லிட்டர் ஒயின் பலகைக்குள் ஊறிக் கிடக்கும். புதிதாக ஊற்றிய விஸ்கி அதை வெளியே இழுக்கிறது. பினிஷில் கிடைக்கிற பழ வாசனையில் ஒரு பகுதி நேராக அந்த மிச்ச ஒயினிலிருந்து வருகிறது.

இன்னொரு பகுதி மரத்திலிருந்தே வருவது. போர்பன் பீப்பாய் அமெரிக்க வெள்ளை ஓக். அதில் லாக்டோன் என்ற வாசனைப் பொருள் அதிகம், அதனால்தான் தேங்காய் வாசனை; வெனிலா வாசனை மரத்தில் உள்ள வெனிலினால். சிவப்பு ஒயின் பீப்பாய்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஓக். அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். குடமுருட்டி சார் சொன்ன நாக்கு ஓரத் துவர்ப்பு அதுதான். ஒயின் சுமார் 13 சதவீத ஆல்கஹால், அதனால் மரத்திலிருந்து எடுக்க முடிந்ததைக் கொஞ்சம்தான் எடுத்திருக்கும். பீப்பாயில் விஸ்கி ஏறக்குறைய 60 சதவீதத்தில் இருக்கும். ஸ்காட்லாந்தில் 63.5 சதவீதத்தில் நிரப்புவது பரவலான வழக்கம். அவ்வளவு வலுவான ஆல்கஹால் ஒயின் விட்டுவைத்ததில் பலவற்றைக் கரைத்து எடுக்கும். ஆகவே வேலை வேகமாக நடக்கும். அளவுக்கு மேல் விட்டால் துவர்ப்பு ஏறிக் கசந்துவிடலாம். எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் முழுத் திறமையும்.

அளவும் கணக்கில் வரும். போர்தோ ஒயின் பீப்பாய் 225 லிட்டர். பட் எனும் ஷெர்ரி பீப்பாய் 500 லிட்டர். பீப்பாய் சின்னதாக இருந்தால் ஒரு லிட்டர் விஸ்கிக்குக் கிடைக்கிற மரப் பரப்பு அதிகம். இதில் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது; பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். அம்ருத் போன்ற வடிசாலைகள் நாலைந்து வருஷத்திலேயே எடுத்துவிடுவது அதனால்தான். நம் நாட்டில் சிவப்பு ஒயின் பினிஷ் செய்கிறவர் வாராவாரம் ருசி பார்த்தால்கூடத் தப்பில்லை.

வெண்ணாறு தம்பிக்கு: போர்பன் பீப்பாயிலும் போர்பன் ஊறித்தான் கிடக்கிறது. ஒன்றின் மிச்சம் சரி, இன்னொன்றின் மிச்சம் தப்பு என்று எந்த இடத்தில் கோடு போடுகிறீர்கள்?

வெண்ணாறு, சனி இரவு 10.20

டீச்சர், நல்ல கேள்வி. நாளைக்குப் பதில் எழுதுகிறேன்.

காரைக்கால்வாசி, ஞாயிறு காலை 7.50

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. 1954இல் பிரெஞ்சு ஆட்சி போனாலும் பாரிஸ் போக்குவரத்து நிற்கவில்லை. என் சித்தப்பா அங்கேதான் இருக்கிறார். போன பொங்கலுக்கு வந்தபோது சோட்டர்ன் ஒயின் அரை பாட்டில் ஒன்றும், க்ளென்மோரஞ்சி நெக்டார் டோர் ஒன்றும் கொண்டு வந்தார். நெக்டார் டோர் சோட்டர்ன் பீப்பாயில் முடித்தது, 46 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தோம். இந்த இழைக்கு அது உதவும் என்று தோன்றியது.

சோட்டர்ன் போர்தோவுக்குத் தெற்கே உள்ள வட்டாரம். சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் என்ற பெரிய ஆற்றில் கலக்கும் இடம். இலையுதிர் காலக் காலைகளில் அங்கே மூடுபனி கட்டும். அந்த ஈரத்தில் திராட்சை மேல் ஒரு பூஞ்சை படரும், பழம் கொடியிலேயே சுருங்கும், நீர் வற்றி இனிப்பு திரளும். அந்தப் பழத்தைப் பொறுக்கிப் பிழிந்தால் வருவதுதான் அந்த ஒயின். சித்தப்பா ஊற்றிய முதல் வாயே தேன் மாதிரி இருந்தது, நாக்கிலும் உதட்டிலும் ஒட்டியது.

அப்புறம் விஸ்கியை எடுத்தேன். மூக்கில் அதே தேன், அதே ஆரஞ்சுத் தோல். வாயில் வைத்தால் இனிப்பு இல்லை! வறண்டுதான் இருந்தது. கொஞ்சம் எலுமிச்சைக் கசப்பு, இஞ்சி, நல்ல மாவு வாசனை. இனிப்பு இருப்பதாக மூக்குதான் சொல்கிறது, நாக்குக்கு ஒட்டுகிற சர்க்கரை எதுவும் வந்து சேரவில்லை. "இனிப்பு ஏற்றிய சரக்கு" என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெண்ணாறு சொன்ன "ஒயினே வாங்கிக் குடிக்கலாமே" என்பதற்கும் இதுவே என் பதில். இரண்டும் வேறு வேறு பொருள்.

சம்பா நாற்று (திருத்துறைப்பூண்டி), ஞாயிறு காலை 9.10

ஒரு வார்த்தை. இழை நன்றாகப் போகிறது, வாசிக்கவும் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் குறுவை அறுப்புக் கூலி வந்த மறுநாள் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கிறது என்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். குடிப்பதை ரசனை என்று எழுதும்போது சின்னப் பையன்களும் இதைப் படிப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

குடமுருட்டிக்கரை, ஞாயிறு காலை 9.45

நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதே சட்டப்படி தப்பு. அவர்களுக்கு இந்த இழை இல்லை. நான் வாரத்தில் ஒரு நாள், 30 மில்லி, சில சமயம் அதில் இன்னொரு பாதி. மேலே எழுதிய கால் மணி நேரப் பொறுமை எல்லாம் அந்த அளவில்தான் சாத்தியம். மூன்றாவது பெக்கில் யாருக்கும் பார்லி வாசனை தெரியாது. குடிக்காதவர்கள் யாரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம்.

கடலோரம் (நாகப்பட்டினம்), ஞாயிறு பகல் 12.30

எனக்கு நடைமுறைச் சந்தேகம். எல்லா விமர்சகர்களும் "அறை வெப்பநிலையில், ஐஸ் இல்லாமல்" என்கிறார்கள். எங்கள் வீட்டில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் 34 டிகிரி இருக்கும். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனால் சாராய நெடி மட்டும்தான் அடிக்கிறது, பழமும் தெரியவில்லை, பார்லியும் தெரியவில்லை. ஐஸ் போட்டால் நெடி அடங்குகிறது, ஆனால் கடைசியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண விஸ்கியில் இந்தக் கசப்பு வருவதில்லை, சிவப்பு ஒயின் பீப்பாய்ச் சரக்கில்தான் வருகிறது. ஏன்?

இன்னொன்று, எங்கள் போர் தண்ணீர் உப்பு.

குடமுருட்டிக்கரை, ஞாயிறு பகல் 1.20

நான் எழுத நினைத்திருந்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள்.

"அறை வெப்பநிலை" என்று அவர்கள் சொல்வது அவர்களுடைய அறையை. 18, 20 டிகிரி. 34 டிகிரியில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகும், மற்ற வாசனைகளை எழும்ப விடாது. ஆகவே நம் ஊரில் இதைக் குளிர்வித்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு குளிர்விப்பது என்பதுதான் விஷயம்.

ஐஸ் போட்டால் கசப்பு வருவது டானினால். சிவப்பு ஒயினையே யாரும் ரொம்பச் சில்லென்று கொடுக்க மாட்டார்கள், துவர்ப்பு கூர்மையாகிவிடும். அதே டானின்தான் இந்த விஸ்கியிலும் இருக்கிறது. போர்பன் பீப்பாய்ச் சரக்கில் அது குறைவு, அதனால் ஐஸைத் தாங்குகிறது. சிவப்பு ஒயின் பினிஷில் குளிர் ஏற ஏறப் பழம் ஒடுங்கும், துவர்ப்பு மட்டும் தனியாக நிற்கும்.

நான் செய்வது: பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. கிளாஸை மட்டும் கதவுத் தட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பேன். வெளியே வேர்த்திருக்கும், துண்டால் துடைத்துவிட்டு ஊற்றினால் விஸ்கி இருபதுகளின் நடுவுக்கு இறங்கும். மூக்கை உள்ளே விடாமல் கிளாஸ் விளிம்புக்கு மேலே வைத்து முகர்ந்தால் நெடி அடிக்காது. பிறகு டீஸ்பூனால் கொஞ்சம் தண்ணீர், கால் ஸ்பூன் கால் ஸ்பூனாக. உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அது எல்லா வாசனையையும் தட்டையாக்கிவிடும். கேன் தண்ணீர் போதும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், வாசனை பறந்துவிடும்.

தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிர்வடிகட்டல் (பாட்டில் செய்யும் முன் குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத சரக்கில் கொழுப்பு அமில எஸ்டர்கள் அப்படியே இருக்கும், குளிரிலும் தண்ணீரிலும் அவை மங்கலாகத் தெரியும். நல்ல அறிகுறிதான். 46 சதவீதத்திலும் அதற்கு மேலும் பாட்டில் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம், அந்த வலுவில் கலங்கல் வெளியே தெரியாது.

போர்ட் பினிஷில் வேண்டுமானால் ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டுப் பார்க்கலாம். அதில் பழம் கனமானது, கொஞ்சம் தாங்கும்.

கடலோரம், ஞாயிறு மாலை 6.55

கிளாஸ் வைத்தியம் வேலை செய்கிறது அண்ணே. கசப்பு இல்லை. நன்றி.

தஞ்சாவூரான் (சிங்கப்பூர்), ஞாயிறு இரவு 8.10

இங்கே வேலையில் இருப்பதால் தைவான் சரக்கு எளிதில் கிடைக்கிறது. பினிஷ் பற்றிப் பேசும்போது கவலன் வடிசாலையின் சோலிஸ்ட் வின்ஹோ பாரிக்கைச் சொல்லாமல் விட முடியாது. அது பினிஷ் கிடையாது, முழுக்க ஒயின் பீப்பாயிலேயே வளர்ந்தது. 2015இல் உலக விஸ்கி விருதுகளில் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் என்று தேர்வானது. அந்த வடிசாலை முதல் சொட்டு வடித்ததே 2006இல்தான்.

டாக்டர் ஜிம் ஸ்வான் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் அவர்களுக்கு வழி காட்டினார். வெப்ப நாட்டில் சிவப்பு ஒயின் பீப்பாயை அப்படியே பயன்படுத்தினால் டீச்சர் சொன்ன மாதிரி துவர்ப்பு ஏறிவிடும். அதனால் பீப்பாயின் உள்பக்கத்தைச் சீவினார்கள். ஒயின் ஊறிய மேல் அடுக்கில் புளிப்பேறிய பகுதி போய்விடும். சீவிய மரத்தை மெதுவாக வாட்டினார்கள், பிறகு தீ வைத்துக் கருக்கினார்கள். உள்ளே ஆழத்தில் தங்கிய ஒயின் அந்தச் சூட்டில் கேரமல் மாதிரி ஆகிவிடும். 2017இல் ஸ்வான் காலமானார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பல புது வடிசாலைகள் அந்த முறையைப் பின்பற்றுகின்றன.

குடித்தால் மாம்பழம், வெனிலா, கொஞ்சம் மிளகு. ஐம்பது சதவீதத்துக்கு மேலே இருக்கும், தண்ணீர் கட்டாயம். வெண்ணாறு நண்பரே, இங்கே ஒளிக்க எதுவுமே இல்லை, வயது குறைந்த சரக்கு, முதல் நாளிலிருந்தே ஒயின் மரம். இதையும் ஒப்பேற்றல் என்பீர்களா?

மூங்கில்தோப்பு (மயிலாடுதுறை), ஞாயிறு இரவு 8.50

நான் கொஞ்சம் கசப்பான அனுபவம் சொல்கிறேன். ஷெர்ரியில் முடித்தது என்று ஒரு பாட்டில், விலை கேட்டால் தலை சுற்றும். திறந்தவுடன் தீக்குச்சி உரசிய வாடை. ஒரு வாரம் திறந்து மூடி வைத்துப் பார்த்தும் போகவில்லை. பேர் சொல்ல விரும்பவில்லை. இது கலப்படமா?

கெமிஸ்ட்ரி டீச்சர், ஞாயிறு இரவு 9.20

கலப்படம் இல்லை, கந்தகம். காலியான ஒயின் பீப்பாயில் பூஞ்சையும் வினிகர் பாக்டீரியாவும் வராமல் இருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துவது ஒயின்காரர்களின் பழைய வழக்கம். அது சரியாகப் போகாமல் மரத்தில் தங்கினால் விஸ்கிக்குள் இறங்கிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியாது, சிலர் மூக்கு கந்தகத்துக்கு ரொம்பக் கூர்மை. அதே பாட்டிலைக் குடித்து "அருமை" என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. சுத்தமான செம்பு கந்தகச் சேர்மங்களில் சிலவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பது வேதியியல்தான், ஆனால் பாட்டிலுக்குள் செம்புக் காசு போட்டு வைக்காதீர்கள். செம்பு கரைந்து உள்ளே போகும்.

அரிசிக்கடை (கும்பகோணம்), திங்கள் காலை 8.15

சைட் டிஷ் பற்றி யாருமே பேசவில்லையே!

குடமுருட்டிக்கரை, திங்கள் காலை 8.40

பேசிவிடுவோம். மிளகாய் தூக்கலான எதுவும் வேண்டாம். சோட்டர்ன் பினிஷுக்கு எங்கள் ஊர் அசோகா, சின்ன உருண்டை, நெய் மிதக்காததாக. பாசிப்பருப்பும் நெய்யும் அந்தத் தேன் வாசனையோடு நன்றாகப் போகும். சிவப்பு ஒயின் பினிஷுக்கு வறுத்த முந்திரி, உப்பு மட்டும் போட்டது. இறால் என்றால் நெய்யில் புரட்டி மிளகு தூவியது, மசாலா இல்லாமல். அவித்த வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் சரி.

கெமிஸ்ட்ரி டீச்சர், திங்கள் காலை 8.55

மிளகாய் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. நாக்கில் சூட்டை உணர்கிற ஏற்பி ஒன்றுதான். மிளகாயும் அதைத்தான் தூண்டுகிறது, ஆல்கஹாலும் அதைத்தான் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும், மற்றது எதுவும் தெரியாது.

கடலோரம், திங்கள் காலை 10.30

காரைக்கால் நண்பரே, உங்கள் ஊரில் வாங்கி இங்கே கொண்டுவரலாமா? அரை மணி நேரப் பயணம்தானே.

காரைக்கால்வாசி, திங்கள் காலை 11.05

கூடாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவருவது குற்றம். தெற்கே வாஞ்சூரிலும் வடக்கே நண்டலாற்றிலும் சோதனைச் சாவடி இருக்கிறது. ஒரு பாட்டிலுக்காக வண்டியையும் பறிகொடுத்து வழக்கில் மாட்ட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் விமான நிலையத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம், அது நேர்வழி.

வெண்ணாறு, புதன் இரவு 9.40

டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ருசி பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். க்ளென்மோரஞ்சி ஒரிஜினல் என்னிடம் இருந்தது. போர்பன் பீப்பாய் மட்டும் பார்த்தது. அதே வடிசாலையின் க்விண்டா ருபான் மச்சானிடம் இருந்தது. 14 ஆண்டு, அதில் கடைசி 4 ஆண்டு போர்ட் பீப்பாய். அடிச்சரக்கு ஒன்றே என்பதால் பீப்பாய் என்ன செய்தது என்று நேராகத் தெரியும்.

ஒரிஜினல் 40 சதவீதம், ருபான் 46. அப்படியே வைத்தால் வலுவானதுதான் ஜெயிக்கும். டீச்சரிடம் தனிச்செய்தியில் கேட்டேன், 46 சதவீதச் சரக்கு 30 மில்லிக்கு 4.5 மில்லி தண்ணீர் சேர்த்தால் 40க்கு வந்துவிடும் என்றார். மருந்து ஊசிக்குழலால் அளந்து விட்டோம். கிளாஸைக் குளிர்வித்தோம். எது எது என்று தெரியாமல் மச்சான் ஊற்றிக் கொடுத்தார். நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம்.

ஒரிஜினலில் ஆரஞ்சும் வெனிலாவும் பூ வாசனையும். ருபானில் முதலில் கறுப்புத் திராட்சை, புதினா, கொஞ்சம் சாக்லேட். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முகர்ந்தேன். அந்த ஆரஞ்சு ருபானுக்குள்ளும் இருக்கிறது. தெளிவாகவே இருக்கிறது. ஆகவே போர்ட் அதை மூடவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் கோடு எங்கே என்று கேட்டீர்களே டீச்சர், அது இங்கேதான் இருக்கிறது. விழுங்கிய பிறகு ஒரிஜினலில் ஆரஞ்சு தொண்டையில் நின்றது. ருபானில் கடைசியாக நின்றது போர்ட். நடுவில் மால்ட் இருக்கிறது, முடிவில் இல்லை. குடமுருட்டி அண்ணன் சொன்ன அதே அளவுகோலை வைத்தால், கடைசி வாயில் மிஞ்சுவது எது என்று பார்த்தால், இது எனக்குத் தோற்றுவிட்டது. போர்பன் மிச்சம் மால்ட்டுக்குப் பின்னால் நிற்கிறது, போர்ட் மிச்சம் முன்னால் வந்து நிற்கிறது. கோடு அவ்வளவுதான்.

குடமுருட்டிக்கரை, புதன் இரவு 10.15

இவ்வளவு நேர்மையாகப் பரிசோதித்ததற்கு நன்றி தம்பி. எனக்கு ருபானில் கடைசியில் வால்நட் மாதிரி ஒரு தானிய எண்ணெய் ருசி கிடைக்கிறது, அதை மால்ட் கணக்கில் எழுதுகிறேன், நீங்கள் போர்ட் கணக்கில் எழுதுகிறீர்கள். இதில் உங்களை மாற்ற எனக்கு ஆசையில்லை. ஆசவாவை இதே முறையில் ஒரு தடவை பாருங்கள். உங்களுக்குச் சிவப்பு ஒயின் ஒத்துவரும் என்று நினைக்கிறேன், அதில் இனிப்பு வாசனை குறைவு.

நெல்மணி (பட்டுக்கோட்டை), வியாழன் காலை 7.30

எல்லாவற்றையும் படித்தேன். இந்த வகையில் நான் ஒன்றுமே குடித்ததில்லை. ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும். எது? வாங்கினால் எங்கே வைப்பது? மாடியறைதான் என்னுடையது, மேலே சிமெண்ட் தகடு.

குடமுருட்டிக்கரை, வியாழன் காலை 8.05

ஒரே பாட்டில் என்றால் இந்திரி ட்ரினி. ஹரியானாவில் கர்னால் மாவட்டத்துச் சரக்கு, 46 சதவீதம். போர்பன் பீப்பாய், பிரெஞ்சு ஒயின் பீப்பாய், பெத்ரோ சிமெனெஸ் ஷெர்ரி பீப்பாய் என்று மூன்று மரமும் சேர்ந்தது. கடைசியில் மட்டும் ஒயின் பீப்பாய் பார்த்த சரக்கு என்று கறாராகச் சொல்ல முடியாது, ஆனால் இங்கே பேசிய எல்லாமும் ஒரே கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். வெளிநாட்டுச் சரக்கின் விலைக்கும் போக வேண்டாம். அதில் உங்களுக்குத் துவர்ப்பு பிடித்தால் அடுத்தது ஆசவா, உலர்ந்த பழம் பிடித்தால் ருபான்.

மாடியறையில் வைக்காதீர்கள். தகட்டுச் சூட்டில் தக்கை தளர்ந்து சரக்கு குறைந்துவிடும். கீழே, வெயில் படாத சுவரோரம், பத்தாயம் இருக்கிற அறை மாதிரி இடம் இருந்தால் அங்கே அட்டைப் பெட்டியோடு நிற்க வையுங்கள். ஒயின் பாட்டில் மாதிரி படுக்கப் போடக் கூடாது, இந்த வலுவான ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். பாட்டில் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் உள்ளே காற்று அதிகமாகும், ஒயின் பினிஷில் முதலில் மங்குவது அந்தப் பழ வாசனைதான். மிச்சத்தைச் சின்ன கண்ணாடிப் பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றி மூடிவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கிற பழுப்பு நிறப் பாட்டில் போதும், வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்து.